அந்த ராசாவின்ரை மனிசி

எந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "அப்ப அவரின்ரை மனிசிக்கு என்ன நடந்தது?"

யமனிடமிருந்து தப்பிப் பதினாறு வயதிலேயே நின்றுவிட்ட பிள்ளையின் கதையை ஒருவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உருகி உருகிச் சொல்லி முடித்தார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து அவள் கை உயர்ந்தது.

"அந்தப் பிள்ளை பிறகு கலியாணம் கட்டினதோ? கட்டியிருந்தால் அந்த மனிசி மட்டும் கிழவியாகிப் போயிருப்பாளெல்லோ. பதினாறு வயசுப் புருசனுக்குப் பக்கத்திலை எழுபது வயசு மனிசி. கோயிலுக்குப் போனால் தாயும் மகனும் எண்டெல்லோ சனம் நினைச்சிருக்கும்?"

பேச்சாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இன்னொரு முறை, ஐந்து நாடுகளைத் தாண்டி லொறியில் வாழைப்பழப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து வந்த தன் கதையை ஒருவர் சொன்னார். மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். "அந்த நேரம் உங்கடை மனிசி எங்கை இருந்தவ?" என்று அவள் கேட்டாள். பக்கத்திலிருந்த அவருடைய மனைவி சிரித்துக்கொண்டு, "இவ்வளவு வருசத்திலை இப்பதான் ஒராள் கேட்டிருக்குது" என்றாள். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

கூட்டத்தை நடத்தியவன் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தள அறையை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்களுக்குத் தருவார்கள். இருபது முப்பது பேர் வருவார்கள். ஊரில் நான் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன். சுலபமாகப் பாஸ் பண்ணலாம் என்று பிள்ளைகள் எடுக்கிற பாடம் அது. அதை உயிராக நினைத்துப் படிப்பித்தவன் என் பாடசாலையில் நான் ஒருவன்தான். ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் மகன் வீட்டு மேல்மாடியில், பேரப்பிள்ளைகளின் கார்ட்டூன் சத்தத்துக்குள் மாதம் முழுவதும் அடைந்து கிடப்பேன். அந்த ஞாயிறு பின்னேரம் மட்டும் பத்துப் பேர் "மாஸ்ரர்" என்று எழும்பி நிற்பார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. அதைத்தான் அவள் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியால் கெடுத்துக்கொண்டிருந்தாள். எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் அந்த எரிச்சல் அடங்காது.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் மகள் வாணியுடன் இருந்தாள். நெற்றியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. குளிர்காலத்தில் கம்பளித் தொப்பியின் விளிம்பு அந்தப் பொட்டை அழித்துவிடக் கூடாது என்று தொப்பியை மேலே ஏற்றித்தான் போடுவாள். காது இரண்டும் வெளியே தெரியும். பஸ் தரிப்பில் நிற்கும்போது கைகளால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். தொப்பியைக் கீழே இழுத்துவிட மாட்டாள்.

கணவர் ஊரில் வீதி இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர். ஒரு நாள் காலை கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். ஏறினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கினதைக் கண்டவர் ஒருவருமில்லை. இராணுவத்தின் முகாம் முகாமாகத் தேடிவிட்டு, தேட இடமில்லாமல் போன பிறகு, அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தாள்.

அவள் வீட்டு ரெலிபோன் கணவரின் பெயரில் இருந்தது. வந்த புதிதில் இணைப்பு எடுத்தபோது அவருடைய பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். வருடா வருடம் வாசலில் வந்து விழுகிற தடித்த ரெலிபோன் புத்தகத்தில் அந்தப் பெயர் அச்சில் வரும்.

"அவர் இந்தப் பக்கம் வந்து இறங்கினால் முதல் வேலையா அந்தப் புத்தகத்தைத்தான் விரிப்பார் மாஸ்ரர். தன்ரை பேரைத் தானே பாத்துத் திகைச்சுப்போவார். நான் எப்படா இஞ்சை வந்தனான் எண்டு" என்று சொல்லிச் சிரித்தாள்.

புத்தகத்தைப் பார்த்து எடுத்ததெல்லாம் பொருள் விற்கிறவர்கள்தான். கணவர் பெயரை நாக்குப் புரளப் புரளச் சொல்லிக் கேட்பார்கள். அவள் மரியாதையாகச் சொல்வாள்: "ஹி இஸ் நொட் ஹோம். கோல் லேற்றர்." நான் ஒருமுறை அங்கே இருந்தபோது அப்படி ஒரு அழைப்பு வந்தது.

"அம்மா, அவங்கள் கார்ப்பெற் கழுவுற ஆக்கள். எங்களிட்டைக் கார்ப்பெற்றே இல்லை" என்றாள் வாணி.

"ஆரா இருந்தால் என்ன? அப்பாவைத் தேடி ஒருத்தன் எடுத்திருக்கிறான். அவர் இல்லையெண்டு ஏன் சொல்லவேணும்?"

வாணி என்னைப் பார்த்த பார்வையில் பல வருடக் களைப்பு இருந்தது.

அந்த வருடம் நான் சிசிபஸ் என்ற கிரேக்க அரசனைப் பற்றி மூன்று ஞாயிறு பேசினேன். கொரிந்து நகரத்தை ஆண்டவன் என்று சொல்வார்கள். மலையில் கல் உருட்டுகிறவன் என்றால் கொஞ்சம் படித்த எல்லோருக்கும் தெரியும். உச்சி வரை உருட்டுவான். கல் திரும்ப அடிவாரத்துக்கு ஓடும். அவனும் திரும்ப இறங்குவான். அந்தக் கல்லுக்கு முந்திய கதையை முதல் ஞாயிறு சொன்னேன். தேவர்களின் தலைவன் ஒரு நதியின் மகளைத் தூக்கிக்கொண்டு போனதை இவன் பார்த்துவிட்டான். தன் கோட்டைக்கு ஒரு நீரூற்று வாங்கிக்கொண்டு, பெண்ணின் தகப்பனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தான். கோபம் கொண்ட தலைவன் மரணத்தை அனுப்பினான். இவன் மரணத்தையே ஏமாற்றிச் சங்கிலியால் கட்டிப்போட்டான். உலகத்தில் சாவு நின்றுபோனது. கிரேக்கர்கள் தங்கள் தேவர்களைச் சாவில்லாதவர்கள் என்றுதான் அழைப்பார்கள் என்று சொல்லி, எனக்கே உரிய வழக்கப்படி, கொஞ்சம் தமிழுக்கும் போனேன். "எங்களிட்டையும் அதே சொல் இருக்கு. அமரர். சாகாதவர் எண்டு அர்த்தம். நாங்கள் என்ன செய்யிறம்? செத்த ஆளின்ரை பேருக்கு முன்னாலை கொண்டுபோய்ப் போடுறம்." சபை சிரித்தது. சபை சிரித்தால் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

பிறகு மிச்சக் கதை. மரணத்தைத் தேவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். சிசிபஸின் முறை வந்தது. சாவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு சடங்கும் செய்யாதே, உடலைச் சந்தியில் போட்டுவிடு என்றான். அவளும் அப்படியே செய்தாள். கீழுலகத்துக்குப் போனவன் அங்கேயிருந்த அரசியிடம் முறையிட்டான்: பாருங்கள் தாயே, என் மனைவி எனக்குக் கொள்ளிகூட வைக்கவில்லை, என்னைத் திரும்ப அனுப்புங்கள், அவளைத் தண்டித்து, காரியத்தைச் செய்வித்துவிட்டு வருகிறேன். அரசி இரங்கி அனுப்பினாள். வந்தவன் திரும்பிப் போகவேயில்லை. கிழவனாகிச் சாகும்வரை மனைவியோடு இருந்தான். அதற்குத்தான் பிறகு அந்தக் கல்.

இரண்டாம் ஞாயிறு இலக்கியத்தில் அவன். பழைய காவியம் அவனை மனிதருக்குள் மகா சூழ்ச்சிக்காரன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாடகக்காரர்கள் அவனை வைத்துச் சிரிப்பு மூட்டினார்கள். மூன்றாம் ஞாயிறு தத்துவம். விஷக் கிண்ணத்துக்குக் காத்திருந்த கிரேக்க ஞானி, செத்த பிறகு குறுக்குக் கேள்வி கேட்க ஆசைப்பட்ட ஆட்களில் இவனும் ஒருவன். உரோமர்களில் ஒருவர், பதவிக்கு அலைந்து ஒவ்வொரு முறையும் தோற்கிறவனுக்கு இவனை உவமை சொன்னார். எங்கள் நூற்றாண்டில், பயனில்லை என்று தெரிந்தும் தன் கல்லைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்ட வீரன் ஆனான். இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்து உட்கார்ந்திருந்தவர்கள், "உது எங்கடை கதைதான் மாஸ்ரர்" என்றார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"கல்லை விடுங்கோ மாஸ்ரர்" என்றது பின்வரிசை. "அந்த மனிசிக்கு என்ன நடந்தது?"

"அவள் கதைக்கு முக்கியமில்லை, பிள்ளை."

"எப்பிடி முக்கியமில்லாமல் போகும்? அவள் செய்யாமல் விட்டபடியால்தானே அவர் வந்தவர். ஊரெல்லாம் காறித் துப்பியிருக்குமெல்லோ அவளை. புருசன்ரை பிரேதத்தைச் சந்தியிலை போட்டவள் எண்டு. அவள் வாயைத் திறந்து காரணம் சொன்னவளோ? இல்லை. தந்திரம் அவரின்ரை. பொறுத்தது அவளெல்லோ."

சபையின் முகம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. என் வீரனையும் கல்லையும் ஒருவரும் நினைக்கவில்லை. குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியேறியவர்கள் எல்லோரும் அந்த மனைவியைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள். மேசைகளை நான் தனியாக அடுக்கினேன்.

அவள் அதோடு விடவில்லை. தமிழ்க்கடையில் மரக்கறி பார்க்கிற இடத்தில், பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கே கண்டாலும், "மாஸ்ரர், அந்த ராசாவின்ரை மனிசி..." ஒருநாள் பொறுக்க முடியாமல், வாயை அடைத்துவிடலாம் என்று, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் ஒரு நட்சத்திரம். நாங்கள் கார்த்திகைப் பெண்கள் என்று சொல்கிற கூட்டம் கிரேக்கருக்கு ஏழு சகோதரிகள். எங்கள் கண்ணுக்கு ஆறுதான் தெளிவாகத் தெரியும். ஏழாவது மங்கல். அதுதான் அவள். மற்றவர்கள் தேவர்களுக்கு வாழ்க்கைப்பட்டிருக்க, தான் மட்டும் சாகிற ஒரு மனிதனைக் கட்டினேனே என்ற வெட்கத்தில் ஒளி குறைந்துபோனாள் என்று சொல்வார்கள்.

பையில் வெண்டிக்காயைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"வெட்கமோ? ஆம்பிளையள் சொன்ன கதையாக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பி நிண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறாள் மாஸ்ரர். எங்களுக்கு முதுகுதான் தெரியுது. முதுகிலை எப்பிடி வெளிச்சம் இருக்கும்?"

இத்தனை வருடமும் அந்தக் கதையைப் படிப்பித்த எனக்கு அப்படி ஒன்று தோன்றியதில்லை. நல்லாயிருக்கு பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "கொத்தமல்லி வாடல்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த இலைதுளிர் காலத்தில் வாணிக்கு மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. வாணி வங்கியில் வேலை செய்தாள். பையனை அவளுக்கு முதலே தெரியும், பிடிக்கும். பையனின் தகப்பன் எஞ்சினியர். என்னைப் படித்தவன் என்று மதித்துக் கார் அனுப்பிக் கூப்பிட்டார். பெரிய வீடு. கோப்பியைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்ரர், எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை, இது ஒண்டைத் தவிர. தகப்பன் இருக்கிறாரோ இல்லையோ? இருக்கிறார் எண்டால் மகளின்ரை கலியாணத்துக்கு ஏன் வரேல்லை எண்டு சனம் கேக்கும். இல்லையெண்டால், காரியம் செய்யாத வீட்டிலை எப்பிடிப் பொம்பிளை எடுக்கிறது? ஏதோ ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அவ கேப்பா."

நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று ஒருவர் நம்பியது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சந்தோசத்தில்தான் நான் அந்த வேலையை ஏற்றேன்.

வாணியும் வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அங்கிள், ஐ காண்ட் டூ திஸ் எனிமோர். எனக்கும் அப்பா வேணும்தான். ஆனால் அம்மா என்னையும் அந்த வாசல்லையே நிப்பாட்டி வைச்சிருக்கிறா. எனக்கு உள்ளுக்கை போகவேணும்" என்றாள். அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன். அதுதான் இந்தக் கதையில் என்னைக் களைக்க வைக்கிற விசயம்.

நான் போனபோது அவள் அடுப்படியில் வடைக்கு அரைத்து வைத்திருந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"மாஸ்ரர் இண்டைக்கு ஆரின்ரை பக்கம் வந்திருக்கிறியள்?"

"வாணியின்ரை பக்கம்."

"அப்ப இருங்கோ. நானும் அவளின்ரை பக்கம்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். காரியம் செய்வது போனவருக்காக மட்டும் இல்லை, இருக்கிறவர்கள் நடமாடுவதற்காகவும்தான் என்றேன். இரண்டு சுலோகமும் சொன்னேன். அவள் வடையைத் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், அந்த ராசாவுக்குத் திரும்பி வாறதுக்கு ஒரு சாட்டு இருந்தது. கொள்ளி வைக்கேல்லை, கேட்டிட்டு வாறன் எண்டு வந்தவர். நான் எல்லாத்தையும் முறையாச் செய்து முடிச்சிட்டன் எண்டால், என்ரை மனுசன் என்னத்தைச் சாட்டாச் சொல்லிக்கொண்டு வாறது?"

"அது கதை, பிள்ளை!"

"கதையெண்டால் ஏன் மூண்டு ஞாயிறு படிப்பிச்சனீங்கள்?"

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. பின்வரிசைக் கை, அவள் பக்கம் திரும்பிய சபை, நான் தனியாக அடுக்கிய மேசைகள். குரல் உயர்ந்தது. "உம்மடை மனுசன் ராசாவும் இல்லை, தந்திரக்காரனும் இல்லை. நீர்தானே சொன்னனீர், ஒரு சதம் லஞ்சம் வாங்காத ஓவசியர் எண்டு. உப்பிடியான ஆக்கள் திரும்பி வாறேல்லை, பிள்ளை. திரும்பி வாறது கள்ளன்கள்தான்."

அவள் எண்ணெயிலிருந்து கடைசி வடையை எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள்.

"அப்ப செய்யுங்கோ" என்றாள்.

நான் வென்றுவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வென்றவனைப் போலத்தான் நடந்தேன்.

கலியாண அழைப்புக் காட் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது. "காலஞ்சென்ற" என்று கணவரின் பெயருக்கு முன்னால் போட்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டு, "இதை மாத்தி அமரர் எண்டு போடுங்கோ மாஸ்ரர், மரியாதையா இருக்கும்" என்றாள். மனம் ஆறிவிட்டாள் என்று நினைத்தேன். மாற்றினேன். மார்க்கத்துச் சம்பந்தியும் திருப்திப்பட்டார்.

காரியம் கலியாணத்துக்கு முந்திய மாதம் நடந்தது. உடல் இல்லாதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி எரிப்பது முறை. ஐயர் கட்டித் தந்த உருவம் ஒரு முழம்கூட இல்லை. கனடாவில் அதை எங்கே எரிப்பது? வீட்டுக்காரர் பின்வளவைத் தந்தார். பிளாசாவில் வாங்கிய அலுமினியத் தட்டில், பார்பிக்யூவுக்கு இறைச்சி வைக்கிற தட்டுத்தான், அதை வைத்தோம்.

"கர்த்தா ஆர்?" என்று ஐயர் கேட்டார். ஆண்பிள்ளை இல்லை. கணவரின் பக்கத்து உறவென்று ரொறன்ரோவில் ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாஸ்ரர் அண்ணன் முறையெண்டு வைப்பம். செய்யலாம்" என்றார் ஐயர்.

மேலாடையைக் கழற்றிவிட்டுப் பூணூலைப் போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் நின்றேன். கொள்ளி வைத்தது நான்தான். புல் சட்டென்று பிடித்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கையை அசைத்தார். "குட் டே ஃபோர் பார்பிக்யூ!" ஐயர், "யெஸ், யெஸ்" என்றார். ஒருவர் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடு குனிந்தபோதுதான் பேஸ்மென்ற்றின் யன்னல் தெரிந்தது. நிலத்தோடு ஒட்டிய ஒரு சின்ன யன்னல். அதற்குள்ளே அவள் முகம். நான் குனியும்வரை அவளுக்கு அங்கிருந்து அந்தத் தட்டும் என் கால்களும்தான் தெரிந்திருக்கும்.

பிறகு என் மனைவி உள்ளே போய் அவளை முழுக வார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த குளிர்காலத்தில் அவள் தொப்பியைப் புருவம் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டேன். இனிக் காது குளிராது என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

கலியாணத்தில் மணவறையில் பெண்ணின் தாய் தகப்பன் இருக்கிற இடத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். தாரை வார்த்துக் கொடுத்தோம். அவள் மூன்றாம் வரிசையில் ஒரு ஓரத்துக் கதிரையில் இருந்தாள். வாணி தாலி ஏறும்போது தாயைத்தான் தேடினாள். முன்னால் நின்ற வீடியோக்காரனின் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிகிற நேரம் அவள் என்னிடம் வந்தாள். நல்ல சேலை. சிரித்த முகம்தான்.

"மாஸ்ரர், உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது. அழைப்புக் காட்டிலை அமரர் எண்டு ஏன் போடச் சொன்னனான் தெரியுமோ? சாகாதவர் எண்டு அர்த்தமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. மண்டபம் நிறைந்த சனமும் மார்க்கத்துச் சம்பந்தியும் அந்த அழைப்பைத்தான் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் கையாலேயே எழுதுவித்திருக்கிறாள்.

"கெட்டிக்காரிதான்" என்றேன். நல்ல குரலில் சொல்லவில்லை.

"எழுத்திலை ஏமாத்திப்போட்டன். நெருப்பிலை ஏலாமல் போச்சு." அவள் தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள். "அதுதான் கேக்கிறன். அவர் ஒருநாள் வந்து, ஆரடி எனக்குக் கொள்ளி வைச்சது எண்டு கேட்டால், உங்கடை பேரைச் சொல்லட்டோ மாஸ்ரர்?"

படம் எடுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் அங்கே போய்விட்டது. "ஓமோம், சொல்லும்" என்றேன், அழுகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அவள் தலையை ஆட்டினாள். தொழிற்சாலையில் தன் வேலையை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெளிக்கிடுகிறவர்கள் ஆட்டுவது போன்ற ஆட்டல். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் கூட்டத்துக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பேச்சாளர்கள் கதையை முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார்கள். முழுச் சபையும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கும். அவள் ஜாக்கெற்றின் ஸிப்பை மேலே இழுத்துக்கொண்டிருப்பாள். நான் விரும்பியதெல்லாம் கிடைத்தது. இடைஞ்சல் இல்லாமல் பேசினேன். ஒரு வருடத்துக்குள் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லாமல் போனது. அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அவள் மகளோடு மார்க்கத்துக்குப் போனாள். பேரப்பிள்ளைகளைக் கண்டாள். சில வருடங்களுக்கு முன் இறந்துபோனாள். அவர் வரவேயில்லை. மார்க்கத்துச் சம்பந்தி செத்தவீட்டில் என் தோளைத் தட்டி, "நீங்கள் அண்டைக்குச் செய்விச்சது எவ்வளவு சரி, மாஸ்ரர்" என்றார். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு மனிசி தன் முழுப் பலத்தோடும் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அதைச் சாத்தச் சொல்லி வாதாடியவன் நான். கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவளைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்த விட்டிருக்கலாம்.

மனைவியும் போய்விட்டாள். மகன் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கிறான். என்னையும் வரச் சொல்லி ஒரு வருடமாகச் சண்டை. போன கிழமையும் வந்து, என் உடுப்பைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டான். நான் ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன்.

"அப்பா, இந்த மில்லிக்கன் வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்ப இஞ்சை இல்லை. ஆர் தேடி வரப்போகினம்?"

"ஒராள் கேட்டு வரக்கூடும்" என்றேன்.

"ஆரப்பா?"

"எனக்கும் ஆளைத் தெரியாது. நான் ஒருநாளும் கண்டதில்லை."